பெட்டி போய்ச் சேரும் நாளிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். நியூஜெர்சியில் ஒரு யூதத் தொண்டு நிறுவனத்தின் நன்கொடைப் பிரிவில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். முதியவர்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் உணவுப் பெட்டி கொடுப்பதுதான் எங்கள் முக்கியப் பணி. நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி. இந்த வேலைக்கு வரும்வரை யூதர்களின் பண்டிகைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. 2025 செப்டம்பர் 23 காலை, அவர்களுடைய புத்தாண்டு என்று பார்த்து, வாழ்த்தும் சொல்லி நன்கொடையும் கேட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நல்ல நாளில் கேட்டால் மனம் இளகும் என்று நினைத்தேன். இயக்குநர் கோபப்படவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. இப்போது அடுத்த வருடத்துக்கான அட்டவணையை என்னையே போடச் சொல்லியிருக்கிறார். எந்தப் பண்டிகைக்கு எப்போது கேட்பது? செக்குகள் ஏன் 18, 36 டாலர் என்று வருகின்றன? பெட்டி வாங்குபவர்களின் படத்தைப் போடவே கூடாது என்கிறார்கள், ஏன்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊரே பண்டிகை கொண்டாடும்போது நான் மட்டும் வாசலில் நின்று கையேந்துவது போல இருக்கிறது. கூச்சமாக இருக்கிறது.

– ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூச்சம், அதிலிருந்தே தொடங்குகிறேன். அது போகாமல் அட்டவணை போட்டால் ஒவ்வொரு கடிதத்திலும் மன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடும்.

யூதர்கள் கொடையைச் சொல்லும் சொல் ட்செதாகா. ‘ட்செதெக்’ என்ற வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்கு நீதி என்று பொருள். நம்முடைய ‘தருமம்’ என்ற சொல்லிலும் இரண்டு பொருள் ஒன்றாகக் கிடக்கிறது: நெறி என்பது ஒன்று, வாசலில் வந்தவருக்குப் போடுவது என்பது இன்னொன்று. நாம் பேச்சில் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை மறந்துவிட்டோம். அவர்கள் மறக்கவில்லை. இல்லாதவருக்குக் கொடுப்பது மனம் இளகியதால் செய்கிற காரியமல்ல, செய்தே தீர வேண்டிய கடமை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பரவலான கணக்கு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்த் தானே கையேந்தும் நிலைக்கு வந்துவிடக் கூடாது என்று மேல் எல்லையும் வைத்திருக்கிறார்கள். இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு வைத்து மாதாமாதம் ஒதுக்கும் குடும்பங்கள் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி அந்த வீட்டில் என்றைக்கோ முடிந்துவிட்டது. யாரிடம் கொடுத்தால் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்பதுதான் மிச்சம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் உங்கள் வேலை.

இன்னும் ஒன்று. கொடுப்பவரைவிடப் பிறரைக் கொடுக்க வைப்பவர் பெரியவர் என்று யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. ஊருக்காக வசூல் செய்பவருக்குக் கப்பாய் என்று பெயர். மதிப்பான பொறுப்பு அது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில், ஊர்ப் பொது நிதியை இரண்டு பேர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்து பங்கிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. பதினாறு வருடமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு நிதித் திட்டமும் கணக்கும் பார்க்கிறேன். ஒரே ஆள் கையில் பணம் இருக்கக் கூடாது, பங்கீட்டில் ஒருவர் விருப்பு வெறுப்பு நுழையக் கூடாது என்று இன்றைக்குத் தணிக்கையாளர்கள் சொல்வதை அவர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நீங்கள் இருப்பது அந்த வரிசையில். வாசலில் நின்று கையேந்துகிறவர் இல்லை நீங்கள்.

இனி அட்டவணை. உங்கள் மின்னஞ்சலில் நாள் தவறியது ஒரு பிழை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பிழை இருக்கிறது. கொடுப்பவரின் மனம் எப்போது இளகும் என்று அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினீர்கள். இந்தப் பண்டிகைகள் எல்லாமே வாங்குகிறவர் பக்கத்திலிருந்து எண்ணப்படுபவை. வசதியுள்ளவர் வீட்டில் விளக்கு ஏற்றும் அதே நேரத்தில் இல்லாதவர் வீட்டிலும் ஏற்ற வேண்டும், அங்கேயும் மேசையில் சாப்பாடு இருக்க வேண்டும். அப்படியென்றால் பணம் எப்போது வந்திருக்க வேண்டும்? அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

முதலில் நாள் பிழையைத் தெளிவாக்கிவிடுகிறேன். யூத நாள்காட்டியில் நாள் தொடங்குவது முந்தைய நாள் சூரியன் மறையும்போது. 2025இல் ரோஷ் ஹஷானா என்ற அந்தப் புத்தாண்டு செப்டம்பர் 22 மாலையே தொடங்கிவிட்டது. நீங்கள் 23 காலை அனுப்பினீர்கள். வாராந்தர ஓய்வு நாளிலும் பெரும் பண்டிகை நாட்களிலும் நெறி காப்பவர்கள் பணத்தைத் தொட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், தொலைபேசியைத் திறக்க மாட்டார்கள். உங்கள் பட்டியலில் எல்லோரும் அப்படி இல்லை. அன்று காலையிலேயே படித்துவிட்டுப் பணம் அனுப்பியவர்கள்கூட இருப்பார்கள். ஆனாலும் கடிதத்தின் கீழே இருப்பது யூத நிறுவனத்தின் பெயர். அந்த நாளை அந்த நிறுவனமே மதிக்கவில்லை என்று படுமல்லவா? இயக்குநரின் முகம் வாடியது அதனால்தான். வெள்ளிக்கிழமை நண்பகலிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரையும், பெரும் பண்டிகைக்கு முந்தைய நண்பகலிலிருந்து அது முடியும்வரையும், கணினியில் தானாகப் போகும்படி வைத்த மின்னஞ்சல் உட்பட எதுவும் போகக் கூடாது. இதை மட்டும் கல்லில் எழுதியது போல வைத்துக்கொள்ளுங்கள். 2026இல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவுவரை; பாவ மன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர் 20 மாலையிலிருந்து 21 இரவுவரை.

ஆங்கில மாதத் தேதியைப் பார்த்து ‘சென்ற வருடம் அனுப்பிய அதே வாரம்’ என்றும் போட்டுவிடாதீர்கள். அவர்களுடைய மாதம் நிலவைப் பார்த்து நடக்கிறது. பருவம் தப்பாமல் இருக்க 19 வருடத்தில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். எகிப்தில் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்காப் பண்டிகையின் விருந்து 2026இல் ஏப்ரல் 1 மாலை, 2027இல் ஏப்ரல் 21 மாலை. இருபது நாள் வித்தியாசம். கிடங்கு வாடகைக்கும் லாரி ஏற்பாட்டுக்கும் இருபது நாள் என்பது சின்ன விஷயமல்ல.

பஸ்காவைத்தான் உங்கள் வருடத்தின் தலைமகனாக வைக்க வேண்டும் என்பேன். செலவு மிகுந்த பண்டிகை அது. புளித்த மாவு ஒரு துளிகூட வீட்டில் இருக்கக் கூடாது. பழைய ரொட்டி, மாவு, பிஸ்கட் எல்லாம் வெளியே போய், பஸ்காவுக்கு ஏற்றது என்ற முத்திரை உள்ள பொருளாகப் புதிதாக வாங்க வேண்டும். மட்சா என்ற புளிக்காத அப்பம், திராட்சை ரசம், இறைச்சி, முட்டை என்று எட்டு நாளைக்கு. அதனால் இந்தப் பண்டிகைக்கென்றே தனியாக ஒரு கொடை வழக்கம் வந்தது. ‘பஸ்கா மாவு’, ‘கோதுமைக் காசு’ என்ற பொருளில் அதற்குப் பெயர்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவில் இருந்த மதகுரு ரபி மோசே இசர்லெஸ், பஸ்கா சட்டங்களின் தொடக்கத்திலேயே, ஏழைகளுக்குப் பஸ்காவுக்காகக் கோதுமை வாங்கிப் பங்கிடும் வழக்கத்தைக் குறித்து வைத்தார். வீட்டைச் சுத்தம் செய்வதும் மட்சா சுடுவதும் எப்படி என்று அதற்குப் பிறகுதான் வருகிறது.

விருந்துக்கு உட்கார்ந்ததும் மட்சாவை உயர்த்திக் காட்டி ஒரு வாசகம் சொல்வார்கள்: ‘பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும்.’ அந்தக் காலத்துப் பேச்சு மொழியான அரமேயத்தில் இருக்கிறது அது. நான் முதன்முதலில் ஒரு வீட்டில் இதைக் கேட்டபோது என் மனம் வேறெங்கோ போய்விட்டது. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, கதவு சாத்தியாயிற்று. இப்போது அழைத்தால் யார் காதில் விழும்? பக்கத்தில் இருந்த பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இதை நாங்கள் போன மாதமே சொல்லிவிட்டோம். இப்போது சொல்வது, செய்தோமா என்று சரிபார்க்க.” அன்றிலிருந்து என் அட்டவணை முறையே மாறியது.

2026ஐ வைத்து எண்ணிப் பார்க்கலாம். விருந்து ஏப்ரல் 1, புதன் மாலை. முதியவர்கள் சமையலறையைத் துடைத்து மாற்றி வைத்த பிறகுதான் புதுப் பொருளை உள்ளே எடுப்பார்கள். கடைசி நிமிடத்தில் போனாலும் கஷ்டம், மிகவும் முன்னால் போனாலும் வைக்க இடமில்லை. ஆகவே உலர்ந்த பொருள் மார்ச் மூன்றாவது வாரத்தில், கோழியும் முட்டையும் அதற்கடுத்த வாரத்தில் வீடு சேர வேண்டும். பெட்டி கட்டுவது அதற்கு முந்தைய வாரம். மொத்த வியாபாரிக்கு மட்சாவும் திராட்சைச் சாறும் சொல்லி வைப்பது ஜனவரியிலேயே. எனவே பெரிய நன்கொடையாளர்களைப் பார்த்துப் பேசுவது ஜனவரியில், பொதுக் கடிதம், எஸ்தர் அரசியால் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகை முடிந்த மறுநாள். பூரிமுக்கும் பஸ்காவுக்கும் சரியாக முப்பது நாள். பஸ்காச் சட்டங்களைப் படிக்கத் தொடங்குவதும் அதிலிருந்துதான். அப்போதே எல்லோர் மனமும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். நீங்கள் திருப்ப வேண்டியதில்லை.

பெட்டியில் திராட்சை ரசம் எதற்கு, அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். வருடா வருடம் கேட்பார்கள். கேட்டால் மிஷ்னாவைச் சொல்லுங்கள்: ஊர்ச் சத்திரத்துச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிற பரம ஏழைக்குக்கூட அந்த இரவில் நான்கு கிண்ணத்துக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. அது விடுதலையின் இரவு. சுதந்திர மனிதரைப் போலச் சாய்ந்து உட்கார்ந்து குடிக்க வேண்டிய கிண்ணம். பசியை மட்டும் ஆற்றிவிட்டுப் பண்டிகையை வசதியுள்ளவருக்கு என்று வைத்துக்கொள்வதை அந்த விதி ஒப்புக்கொள்ளவில்லை.

பூரிமுக்கு வருகிறேன். இதில்தான் நான் வழுக்கி விழுந்தேன். நீங்கள் விழக் கூடாது.

எஸ்தர் ஆகமத்தில் பூரிம் நாளுக்கு இரண்டு கொடை சொல்லப்படுகிறது. ஒன்று, நண்பருக்குத் தின்பண்டம் அனுப்புவது: ஒருவருக்காவது இரண்டு வகை. நம் தீபாவளிப் பலகாரத் தட்டு தெருவில் போய்வருகிற மாதிரிதான். இங்கிருந்து போகும், அங்கிருந்து வரும். மற்றொன்று ஏழைகளுக்குக் கொடுப்பது: குறைந்தது இரண்டு பேருக்கு, ஆளுக்கு ஒன்று. அது அந்தப் பகலிலேயே அவர்கள் கைக்குப் போக வேண்டும், அன்றைய விருந்துக்கு உதவ வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் இருந்த மைமோனிதஸ், சொந்த விருந்தையும் தின்பண்டத் தட்டையும் சுருக்கிக்கொண்டாவது ஏழைகளுக்கான பங்கைக் கூட்டு என்று எழுதினார். ஏழைகள், அநாதைகள், விதவைகள், அந்நியர்கள் மனம் மகிழச் செய்வதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். பூரிமுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பணம் வரத் தொடங்கியது. செக்கின் கீழே ‘பூரிம்’ என்று எழுதியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் பொதுக் கணக்கில் வரவு வைத்தேன், ரசீது அனுப்பினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். பூரிம் முடிந்து நான்காம் நாள் ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்து மிகவும் பணிவாகக் கேட்டார்: “அம்மா, என்னுடைய 36 டாலர் எந்த இருவருக்குப் போனது என்று கேட்க மாட்டேன். அன்றைக்குச் சூரியன் மறைவதற்குள் போனதா என்று மட்டும் சொல்லுங்கள்.” என்னிடம் பதில் இல்லை. அந்தப் பணம் வங்கியில்தான் இருந்தது. தன் கடமையை என் கையில் ஒப்படைத்திருந்தார் அவர். நான் அவருடைய ஆளாக நின்று கொடுத்திருக்க வேண்டியவள். பணம் எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் நாள் போய்விட்டது. எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பூரிமுக்கு வசூலானது பூரிமுக்கே, அதை வேறு தருமத்துக்குக்கூட மாற்றக் கூடாது என்று தல்மூத் காலத்திலிருந்தே விதி. கணக்கியலில் நோக்கம் குறித்த நிதி என்கிறோமே, அதுதான். ஆகையால் தனிக் கணக்குத் தலைப்பு, தனிக் கவர், அன்றைக்குக் கொடுக்கும் ஏற்பாடு மூன்றும் தயாரான பிறகே ‘பூரிம் கொடை’ என்ற சொல்லைக் கடிதத்தில் போடுங்கள். 2026 பூரிம் மார்ச் 3, செவ்வாய். முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடுகிறது என்றாலும் கொடுக்க வேண்டியது செவ்வாய் பகலில். பூரிமில் பணத்தைத் தொடத் தடை இல்லை. எனவே அன்று காலைவரை வந்த தொகையையும் சேர்த்துக்கொள்ளலாம். நண்பகலில் வரவை நிறுத்திவிட்டு, பிற்பகலுக்குள் ரொக்கமாகவோ கடையில் செல்லும் அட்டையாகவோ கொடுத்து முடித்துவிட்டு, மாலையில் நன்கொடையாளர்களுக்கு ஒரே வரி எழுதுங்கள்: உங்கள் கொடை இன்று பகலில் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு வரிக்காக அடுத்த வருடமும் உங்களிடமே வருவார்கள்.

கொடையில் வாழ்கிறவருக்கும் இந்தக் கடமை உண்டு என்பதையும் மறக்காதீர்கள். நான் பார்த்த ஒரு பூரிமில், கவரை வாங்கிய முதியவர் ஒருவர் அங்கேயே அதைப் பிரித்தார். இரண்டு ஒற்றை டாலர் நோட்டை எடுத்தார், மேசையில் தனித்தனியாக வைத்து உள்ளங்கையால் நீவி மடிப்பை எடுத்தார், “இரண்டு பேருக்கு” என்று என் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மேலதிகாரி என் கையை அழுத்தினார். வாங்கிக்கொண்டு அவருக்கும் ஒரு ரசீது எழுதினேன்.

யோம் கிப்பூர் பக்கம் போவோம். புத்தாண்டிலும் யோம் கிப்பூரிலும் பாடுகிற ஒரு பிரார்த்தனையில், மனம் திரும்புதல், வழிபாடு, ட்செதாகா மூன்றும் கடுமையான தீர்ப்பைத் தணிக்கும் என்று வருகிறது. ஆகவே புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர்வரையான பத்து நாளும் கொடுக்கும் காலம். ஆனால் உச்சமான நாளில் பணத்தைத் தொடவும் முடியாது, எழுதவும் முடியாது. அதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். சில தொழுகைக் கூடங்களில் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு அட்டை இருக்கும். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொகை. எதைக் கொடுக்க நினைக்கிறார்களோ அந்த நாக்கை மடித்துவிடுவார்கள். பேனா வேண்டாம், பணப்பை வேண்டாம். அன்று காலை படிக்கிற ஏசாயா தீர்க்கதரிசியின் பகுதியும் நோன்பைப் பற்றியதுதான்: பசித்தவரோடு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொள்வதல்லவா நான் விரும்பும் நோன்பு என்று. உங்களுக்கு என் யோசனை, புத்தாண்டுக்கு முன்பே அக்கம்பக்கத்துத் தொழுகைக் கூடங்களுக்குக் காகிதப் பைகளைக் கொடுத்துவிடுங்கள். யோம் கிப்பூர் மாலை கூடும்போது, சூரியன் மறைவதற்கு முன், மளிகை நிரப்பிக் கொண்டுவருவார்கள். இது பல ஊர்களில் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது.

அந்த நாளில் இஸ்கோர் என்ற நினைவு வழிபாடும் உண்டு. வருடத்தில் நான்கு முறை வரும்: யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையான சுக்கோத் முடியும்போது வரும் ஷெமினி அட்செரெத், பஸ்காவின் கடைசி நாள், அறுவடைப் பண்டிகையான ஷவுவோத்தின் இரண்டாம் நாள். இறந்த பெற்றோரின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஆன்மாவுக்காகக் கொடை தருகிறேன் என்று சொல்வார்கள். அப்பாவின் திதிக்கு அன்னதானத்துக்குப் பணம் கட்டுகிற வீட்டில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்தால் அது நேர்த்திக்கடனுக்குச் சமம், தாமதிக்கக் கூடாது. ஆகவே பண்டிகை முடிந்த இரண்டாம் நாள் போகிற நினைவூட்டுக் கடிதத்தைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். சொன்ன வாக்கை நிறைவேற்ற நீங்கள் துணை செய்கிறீர்கள். ஆனால் எழுத்தில் கவனம் வேண்டும். ‘நிலுவை’, ‘பாக்கி’ என்ற சொற்கள் வேண்டாம். யாருடைய நினைவாக என்ற பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள். அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டால் எந்த வாழ்த்தும் அதை ஈடுகட்டாது.

18 டாலர் செக்கைப் பற்றிக் கேட்டீர்கள். எபிரேயத்தில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ‘ஹாய்’ என்றால் உயிர் வாழ்வது. அதை எழுதும் இரண்டு எழுத்தின் மதிப்பு எட்டும் பத்தும். அதனால் 18, அதன் மடங்குகள் 36, 54, 180. நாம் மொய்க்கு 101, 501 என்று ஒன்றைச் சேர்த்து வைக்கிறோமே, கேட்டால் வளரட்டும் என்கிறோமே, அதே மனசு. உங்கள் படிவத்தில் 25, 50, 100 என்றுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மாற்றி 18, 36, 72, 180, 360 என்று வையுங்கள். செலவில்லாத திருத்தம். தங்களை அறிந்தவர்கள்தான் இதை அச்சிட்டிருக்கிறார்கள் என்று படிவத்தைப் பார்த்ததுமே தெரியும்.

படம் போடக் கூடாது என்பதில் இயக்குநர் பக்கம்தான் நான், முழுக்க. எருசலேம் ஆலயத்தில் ‘ரகசிய அறை’ என்று ஒன்று இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவர் சத்தமில்லாமல் உள்ளே போய் வைத்துவிட்டு வருவார். நல்ல நிலையிலிருந்து நொடித்துப்போன குடும்பத்தார் சத்தமில்லாமல் போய் எடுத்துக்கொள்வார்கள். மைமோனிதஸ் கொடையை எட்டுப் படியாக அடுக்கினார். யார் கொடுத்தது என்று வாங்கியவருக்கும், யார் வாங்கியது என்று கொடுத்தவருக்கும் தெரியாதது இரண்டாவது உயர்ந்த படி. எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்தது கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து ஒருவரை இனிக் கை நீட்டத் தேவையில்லாமல் நிறுத்துவது. நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய எபிரேய இலவசக் கடன் சங்கம் இன்றைக்கும் வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது. அது அந்த மேல்படியில் நிற்பது. இப்படிப்பட்ட மரபில் கண்ணீர் முகத்தை அச்சிட்டுப் பணம் கேட்க முடியாது.

முகம் இல்லாமல் மனதைத் தொட முடியுமா என்றால், முடியும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெட்டி கொண்டுபோன வீட்டில் நான் பார்த்தது: சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு தகர உண்டியல், மூடியில் துரு. அந்த அம்மா இரண்டு மெழுகுவர்த்தியையும் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து இரண்டு நாணயத்தை எடுத்து உள்ளே போட்டார், சத்தம் கேட்டது, அதற்குப் பிறகுதான் தீக்குச்சியைக் கிழித்தார். ஓய்வு நாள் தொடங்கிவிட்டால் நாணயத்தைத் தொட முடியாதே. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கிற என் ஆச்சி நினைவுக்கு வந்தார். பெயரும் முகமும் இல்லாமல் இதை அப்படியே எழுதி அனுப்பினேன். அந்த வருடம் அதிகப் பதில் வந்த கடிதம் அதுதான்.

மற்ற பண்டிகைகளைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். சுக்கோத் விருந்தாளிகளின் பண்டிகை. தன் வாசலைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடிப்பது வயிற்றின் மகிழ்ச்சியே தவிர கட்டளையின் மகிழ்ச்சி ஆகாது என்று மைமோனிதஸ் கடுமையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் யோம் கிப்பூர் முடிந்து நான்கைந்து நாளில் அது வந்துவிடுவதால் தனி வசூல் வேண்டாம், பெட்டியை மட்டும் அனுப்புங்கள். ஷவுவோத்தில், வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிழைத்த ரூத்தின் கதையைப் படிக்கிறார்கள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்ற கட்டளை, லேவியராகமத்தில் பண்டிகைகளைச் சொல்லும் அதே அத்தியாயத்தின் நடுவில் வருகிறது. கடிதத்துக்கு அந்த ஒன்றே போதும். விளக்குப் பண்டிகையான ஹனுக்காவைக் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் வருகிறது என்பதற்காக மட்டும் பெரிய வசூலாக்க வேண்டாம் என்பது என் கருத்து. டிசம்பர் 31க்குள் வரிக்கணக்கு முடிப்பவர்களுக்கு வெளிப்படையாக அதைச் சொல்லியே எழுதலாம், விளக்கைச் சாக்காக வைக்க வேண்டியதில்லை. திருமணம், பதின்மூன்றாம் வயதில் பிள்ளைகளுக்கு நடக்கும் பார் மிட்ஸ்வா இவற்றையும் விட்டுவிடாதீர்கள். 1985இல் தொடங்கிய மாசோன் என்ற பசி ஒழிப்பு அமைப்பு, விருந்துச் செலவில் 3 சதவீதத்தைப் பசித்தவர்களுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்டது. உங்கள் பகுதியில் விருந்து வைக்கிறவர்களிடம் நீங்களும் அந்தக் கணக்கில் கேட்கலாம்.

செப்டம்பர் மின்னஞ்சலுக்காக எல்லோருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்ப நினைத்தீர்களானால், வேண்டாம். வருத்தப்பட்டு எழுதியவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு மட்டும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.

அட்டவணை போட உட்காரும் முன் கிடங்குக்குப் போங்கள். பெட்டி கட்டுகிறவரிடமும் வண்டி ஓட்டுகிறவரிடமும் கேளுங்கள்: கடந்த பஸ்காவில் கடைசிப் பெட்டி எந்த வீட்டுக்கு, எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது? அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு இந்த முறை இரண்டு நாள் முன்னதாகப் பெட்டி போக வேண்டுமென்றால் உங்கள் முதல் கடிதம் எந்தத் தேதியில் போக வேண்டும் என்று அங்கிருந்து எண்ணி எழுதுங்கள்.